எறா ஓடு வெறும் குப்பையா? என்சைமைக் 'கட்டிப்போட்டு' வேலை வாங்கும் டெக்னிக்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கீங்களா? ஒரு கிலோ எறா வாங்கி உரிக்கக் கொடுத்தால், பையில் திரும்பி வருவது அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். தலையும் ஓடும் மட்டுமே எடையில் சுமார் 40 சதவீதம். தலையைக் குழம்புக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ஓடு மட்டும் நேராகக் குப்பைக்குத்தான்.

ஆனால் அந்த ஓட்டில் 'கைட்டின்' என்ற பொருள் இருக்கிறது. அதைக் காரத்தில் வேகவைத்தால் 'கைட்டோசான்'. ரத்தப்போக்கை நிறுத்தும் சில கட்டுத்துணிகளில் இருப்பது இதுதான். மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளில் பலவும் எறா, நண்டு ஓட்டிலிருந்து வருபவையே. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஃப்ட்), இந்த ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

சரி, சிக்கல் எங்கே?

கைட்டோசான் ஒரு நீளமான சங்கிலி. சாதாரணத் தண்ணீரில் கரையாது. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் கரையும். கிருமிகளைத் தடுக்கும் குணம் இந்தத் துண்டுகளுக்கு இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அமிலத்தில் வெட்டலாம், ஆனால் அது கண்மண் தெரியாமல் வெட்டும், கழிவுநீர் வேறு. 'கைட்டோசனேஸ்' என்ற என்சைம், அதாவது நொதி, கத்தரிக்கோல் மாதிரி பக்குவமாக வெட்டும். ஆனால் விலை அதிகம். கரைசலில் கலந்துவிட்டால் திரும்ப எடுப்பதும் கஷ்டம். ஒரே தடவையில் காசு போச்சு!

இங்கேதான் 'கட்டிப்போடும்' ஐடியா. கடல்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் நொதியைக் கலந்து, கால்சியம் குளோரைடு தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெந்த ஜவ்வரிசி மாதிரி மணிகள் உருவாகும். நொதி உள்ளே சிக்கிக்கொள்ளும். மணிகளை ஒரு குழாயில் நிரப்பி, மேலே கைட்டோசான் கரைசலை ஊற்றினால், கீழே துண்டுகள் வரும். நொதி உள்ளேயே இருக்கும், மறுபடியும் வேலை செய்யும்.

இது புதுசு இல்லை. ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் 1969-லேயே இப்படிக் கட்டிப்போட்ட நொதியை வைத்து அமினோ அமிலம் தயாரித்தது. கைட்டோசானையே மணியாக்கி, வேறு நொதிகளை அதில் ஒட்டவைப்பதும் உண்டு. ஆனால் கைட்டோசனேஸை அதில் உட்கார வைக்க முடியாது. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடுமே!

குறைகளும் உண்டு. பெரிய கைட்டோசான் சங்கிலி மணிக்குள் எளிதில் நுழையாது, அதனால் வேகம் குறையும். நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் செய்யும்.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டு மாத்திரை வாங்க ஓட வேண்டாம். மூட்டுவலிக்காரர்கள் 1,583 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால், வெற்று மாத்திரையைவிட குளுக்கோசமைன் பெரிதாகப் பலன் தரவில்லை. எறா அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அப்போ மார்க்கெட் ஓடு? ஏற்றுமதி ஆலைகளில் எறா ஓடு தனியாக, மொத்தமாகக் கிடைக்கும். மார்க்கெட்டிலோ செதில், குடல், பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரே கூடையில். சென்னை வெயிலில் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். நொதிக்கு முன்னால் தேவை, எறா ஓட்டுக்குத் தனிக் கூடையும் கொஞ்சம் ஐஸும்தான்.