கடல்நீர்த் தொட்டியும் அதற்கேற்ற கல்லும்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துக் கற்பிப்பது தமிழ் மரபு. சப்பிரகமுவத் தோட்டங்களிற் பிறந்து வளரும் நம் மாணவர்க்குக் குறிஞ்சி கண்ணெதிரே நிற்கின்றது. நெய்தலோ ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை இல்லை. ஆதலின், கல்லூரி விஞ்ஞானகூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைந்தால் நன்றாமே என்று பழைய மாணவர் எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் போற்றத்தக்கது. ஆயின், அத்தொட்டியுள் வைக்கும் கல் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு முதற்கண் விடை காணல் வேண்டும். கடலைக் காட்டுதற்பொருட்டுக் கடலை உடைத்தல் அறமாகாது.

கல் எதற்கு? அழகுக்காக மட்டுமன்று. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சு. கல்லின் நுண்டுளைகளிற் குடியேறும் ஒருவகைப் பக்டீரியா அதனை நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னையதும் நஞ்சே, பின்னையது பெரிதும் தீங்கற்றது. ஒட்சிசன் புகாத ஆழ்ந்த துளைகளில் வாழும் வேறு சில பக்டீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியேற்றும். எனவே, துளை நிறைந்த கல்லே தொட்டியின் நுரையீரலும் சிறுநீரகமும் எனலாம்.

இத்தகைய கல் வேண்டின் பலரும் முதலில் நினைப்பது முருகைக்கல்லையே. தென்மேற்குக் கரையில் அக்குறளை, அம்பலாங்கொடை முதலிய இடங்களில் நெடுங்காலமாக முருகைக்கல்லை அகழ்ந்து சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். நாட்டின் கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பிற் பெரும்பகுதி ஒருகாலத்தில் அங்கிருந்தே வந்தது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இற் செய்யப்பட்ட திருத்தம் முருகைக்கல் அகழ்தலையும் சுடுதலையும் கொண்டுசெல்லுதலையும் தடை செய்தது. தடை வந்த பின்னரும் களவு நின்றபாடில்லை. அதன் விலையை 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் வசூலித்தது. முருகைக்கல் அகழப்பட்ட பெரலியவில் ஆழிப்பேரலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்ததென்றும், முருகைப்பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் ஏறத்தாழ ஐம்பது மீற்றர் அளவில் அடங்கியதென்றும் பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். பெரலியவில் இரயில் வண்டியொன்றிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாறை என்பது வெறுங்கல் அன்று, கரையின் மதில் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிற்க. நம் மலைக்கல் உதவுமா? உதவாது. இரத்தினபுரிப் பகுதியின் நைசும் சார்னொக்கைற்றும் கண்ணறையற்ற வன்கற்கள். பக்டீரியாவுக்கு அங்கே வீடில்லை. சிலவற்றில் இரும்புக் கனியங்களும் உள. உப்புநீரில் அவை துருவேறும். தேயிலை மலைகளில் மண்ணின் புளிப்பைத் தணிக்க இடும் டொலமைற் பளிங்குருவான கல்லை அரைத்ததே, அக்கல்லும் இறுகியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லே தக்கது. மயோசீன் காலத்திற் கடலடியிற் படிந்து இறுகிய அக்கல், மழைநீர் அரித்த புழைகள் நிறைந்தது. அதனையும் உத்தரவு பெற்ற வியாபாரியிடமே வாங்குதல் முறை. வினாகிரி சில துளி விட்டுப் பார்த்தால் சுண்ணக்கல் நுரைக்கும். நூறு லீற்றர்த் தொட்டிக்குப் பத்து முதற் பன்னிரண்டு கிலோகிராம் போதும்.

கற்களைத் தொட்டிக்கு வெளியே அடுக்கிப் பார்த்து, பொருந்தும் இடங்களைப் பென்சிலாற் குறித்தபின் துளையிடல் வேண்டும். முதலிற் கல்லைத் தட்டிப் பார்க்க. பிளந்த பானைபோல் ஒலித்தால் விலக்குக. ஈர மணல் மூட்டையின்மேற் கல்லை அசையாது இருத்துக. சுவர் துளைக்கும் அலகு பொருத்திய துளைபொறி போதும். ஆயின் சம்மட்டிபோல் இடிக்கும் விசையை நிறுத்திவிடுக, இன்றேற் கல் பிளக்கும். முதலில் நான்கு மில்லிமீற்றர் அலகால் மெல்லத் தொடங்கி, பின் எட்டு மில்லிமீற்றருக்கு விரித்தல் நன்று. ஓரத்திலிருந்து இரு விரலாவது தள்ளித் துளைக்க. அடிக்கடி அலகை வெளியே எடுத்துத் தூளை அகற்றுக. ஊடுருவும் துளையாயின் இருபுறமிருந்தும் துளைத்து நடுவிற் சந்திக்கச் செய்க. நீர் சொட்டவிட்டால் தூசி அடங்கும், அலகும் சூடேறாது. நீர் உள்ளவிடத்து மின்கம்பியுள்ள பொறியைத் தொடாமல் மின்கலப் பொறியையே கையாளுக. கண்ணுக்குக் காப்பும் மூக்குக்கு முகக்கவசமும் இன்றி மாணவரை அருகே விடுதல் கூடாது.

துளையிட்ட பின்னரே கழுவுதல் வேண்டும். இன்றேல் தூள் புழைகளை அடைத்துவிடும். தூரிகையால் தேய்த்து, வெளிற்றுநீர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஒருநாள் ஊறவைக்க. அதனோடு வினாகிரியோ வேறு அமிலமோ சேரின் குளோரீன் நச்சுவாயு கிளம்பும், எச்சரிக்கை. பின் பலமுறை நன்னீரில் அலசி, மணம் அறவே நீங்கும்வரை வெயிலிற் காயவைக்க. கல்லைக் கொதிக்க வைத்தல் ஆகாது: உள்ளே அடைபட்ட நீராவி கல்லை வெடிக்கச் செய்யும், முன்பு கடலுயிர்கள் தங்கிய கல்லாயின் கொடிய நஞ்சும் ஆவியோடு எழக்கூடும்.

கற்களைக் கோக்க ஆறு மில்லிமீற்றர் அக்கிரிலிக் கோல் ஏற்றது. இரும்பு துருவேறும், செம்பும் பித்தளையும் நண்டு, இறால் முதலியவற்றைக் கொல்லும். மீன்தொட்டிக்குரிய எப்பொக்சிப் பசையால் இறுக்குக. அடிக்கல் மணலின்மேல் நில்லாது தொட்டியின் அடித்தளத்தில் நிற்றல் வேண்டும். மணலைக் குடையும் உயிர்கள் கோபுரத்தைச் சாய்த்துவிடும். கண்ணாடிக்கும் கல்லுக்குமிடையே கை நுழையும் இடம் விடுக.

நீருக்குச் சமையலுப்பு உதவாது. செயற்கைக் கடலுப்பை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் சுத்திகரித்த நீரிற் கரைத்தல் வேண்டும். தோட்டத்துப் பீலித் தண்ணீரிற் பசளை கரைந்திருக்கக்கூடும். அது பாசியை வளர்க்கும். பக்டீரியாவைக் கடையில் விற்கும் கரைசலிலிருந்தோ, பழகிய தொட்டியின் ஒருபிடி மணலிலிருந்தோ பெறலாம். சிறிது மீனுணவை இட்டு, நான்கு முதல் எட்டு வாரம் பொறுத்தல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையிற் சுழியமான பின்னரே மீன் விடுக. அப்பொழுதும் உயிர்முருகை தேடவேண்டா. வளர்ப்பகத்திற் பெருகிய கோமாளிமீன் இரண்டு போதும்.

சிவனொளிபாத மலையில் ஊறும் களுகங்கை நம் இரத்தினபுரியைத் தழுவிக் களுத்துறையிற் கடலை அடைகின்றது. நம் மலைச்சரிவில் அரிபடும் மண்ணும் அதனோடு செல்கின்றது. மண்படிந்து கலங்கிய நீரில் முருகை வாழாது. ஆகவே கடல் நமக்குத் தொலைவானது என்று எண்ணற்க. தொட்டியொன்றைத் தம் கல்லூரிக்கு அளிக்க முன்வரும் பழைய மாணவர், கடலிற் களவாடாத கல்லோடு அளிப்பாராக. அதன்முன் நிற்கும் சிறுவன் நெய்தலைக் காண்பதோடு, அதனைக் காக்கும் கடமையும் குறிஞ்சியார்க்கு உண்டென்பதை உணர்வான்.