நீலக்கல்லும் ஹோனரின் மனைவியும்

ஹோட்டல் அறையொன்றில் ஒரு சீமாட்டியின் விலைமதிப்பற்ற நீலக்கல் களவு போகிறது. அன்று அந்த அறைக்குத் திருத்த வேலைக்கு வந்த குழாய் வேலைக்காரர் ஜோன் ஹோனர் கைதாகிறார். முன்பொரு தடவை களவுக்காகத் தண்டனை பெற்றவர் அல்லவா! பொலிசாருக்கு அது போதும். உண்மைக் கள்வன் ஹோட்டலின் மேல்நிலைப் பணியாளன். சீமாட்டியின் பணிப்பெண்ணும் உடந்தை. கல்லோ ஒரு வாத்தின் வயிற்றில்!

ஆர்தர் கொனன் டொயில் எழுதி 1892இல் வெளியான ஷெர்லொக் ஹோம்ஸ் கதை இது. ஹோனருக்கு வயது 26, நீதிமன்றில் மயங்கி விழுந்தார் என்பதற்குமேல் அவரைப் பற்றி அதிகம் இல்லை. வீட்டில் யார் காத்திருந்தார்கள்? சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல.

1984இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, ஜெரமி பிரெட்டை ஹோம்ஸாக நடிக்க வைத்து இதனை நாடகமாக்கியது. வாத்தும் தொப்பியும் துப்பறிதலும் அப்படியே இருக்க, கதையில் இல்லாத ஒருத்தியைச் சேர்த்தார்கள். அவள் ஹோனரின் மனைவி. பிள்ளைகளும் உண்டு.

கதையில் ஹோம்ஸ், காலில் விழுந்து அழுத கள்வனைப் போக விடுகிறார். அவன் சாட்சி சொல்ல வரமாட்டான், வழக்கு தானாக விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு இராச் சாப்பாட்டுக்கு ஆயத்தமாகிறார். எனக்கு இது எப்போதும் உறுத்தும். அதுவரை உள்ளே இருப்பவரின் கதி?

நாடகம் அங்கே முடியவில்லை. நத்தார் காலக் குளிரில், விடுதலையாகி வரும் ஹோனர் மனைவி பிள்ளைகளிடம் சேருவதையும் காட்டுகிறது.