அந்நிய மொழிப் படிப்பு பிழைப்புக்கு உதவுமா?



டில்லியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் ஒருநாள் மாலை என்னைக் காண வந்தார்கள். தகப்பனார் கார் ஓட்டுநர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் படிக்க வேண்டும் என்பது அவளுடைய வாஞ்சை. தகப்பனாருக்கோ அதில் சற்றும் மனமில்லை. "பாஸ்டர் ஐயா, நர்சிங், கம்ப்யூட்டர் என்றால் ஒரு பிடிமானம் இருக்கிறது. ஜப்பான் பாஷையைப் படித்துவிட்டு இவள் என்ன செய்வாள்? நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊரைவிட்டு வந்து, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்குமாகவே உழைத்துத் தேய்ந்த ஒரு மனிதனுக்குப் பிள்ளையின் மூன்று ஆண்டுகள் அற்பமான காரியமல்ல. ஆகவே உடனே விடை சொல்லாமல், விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். விசாரித்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

(அந்நிய பாஷை என்றவுடன் நம் சபையாருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதுவது, இராக்கண் விழித்து இலக்கணத்தை மனனம் செய்து கற்கிற பாஷையைப் பற்றியது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்க வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியவனாகையால் அதன் பாடு எனக்குத் தெரியும்.)

1969-இல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், ஜப்பானியம், கொரியன், அரபி, பாரசீகம் ஆகிய மொழிகளில் பட்டப்படிப்பு உண்டு. பள்ளியில் அம்மொழியைப் படித்திருக்க வேண்டுவதில்லை. முதல் எழுத்திலிருந்தே கற்பிக்கிறார்கள். 2022 முதல் சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடக்கிறது. கல்விக் கட்டணம் மிகக் குறைவு. விடுதியில் தங்கினால் உணவுச் செலவுதான் பெரிது. ஐதராபாத்தில் 1958-இல் ஆங்கிலத்திற்கென்று தொடங்கப்பட்ட நிறுவனம், 2007-இல் ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. மும்பையிலுள்ளவர்களுக்கு மும்பைப் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யத் துறைகள் உண்டு. வங்காளத்திலுள்ளவர்கள் சாந்திநிகேதனை விசாரிக்கலாம். அங்குள்ள சீன பவனம் 1937-இல் நிறுவப்பட்டது.

நம்முடைய பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் இருப்பதைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தாராவியில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகிறது. புதிய பாஷையைக் கண்டு அது அஞ்சுவதில்லை. அன்றியும், ஜப்பானிய, கொரிய வாக்கியங்களில் தமிழைப்போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது. நம் வேற்றுமை உருபுகளைப்போலவே அவர்களுக்கும் பெயருக்குப் பின்னால் இடைச்சொற்கள் வந்து ஒட்டுகின்றன. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இதைக்கொண்டு தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்றே வாதித்தார். பெரும்பாலான மொழியியலார் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாக்கிய அமைப்பு புதிதல்ல. எழுத்து மட்டும் எளிதென்று எண்ண வேண்டாம். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மாத்திரம் 2,136 கஞ்சி எழுத்துக்கள் உள்ளன. மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்லுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். மொழிபெயர்ப்பாளர், நேரடி உரைபெயர்ப்பாளர், பள்ளி ஆசிரியர், சுற்றுலா வழிகாட்டி ஆகியவை பழைய வழிகள். பெங்களூரு, புனே, குருகிராம் நகரங்களின் அலுவலகங்களில் ஐரோப்பிய, ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்காக மொழி தெரிந்தவர்களை அமர்த்துகிறார்கள். ராஜஸ்தானின் நீம்ராணாவில் ஜப்பானிய நிறுவனங்களுக்கென்றே ஒரு தொழிற்பகுதி உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலும் கொரிய, ஜப்பானியத் தொழிற்சாலைகள் இருப்பதை ஊருக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். பட்டதாரி என்ற முறையில் குடிமைப் பணித் தேர்வும் எழுதலாம். வெளிநாட்டுப் பணிக்குத் தெரிவாகிறவர்களுக்கு அரசே ஓர் அந்நிய மொழியைக் கற்பிக்கிறது.

ஆனால் பாஷைகளுக்கும் சந்தை நிலவரம் உண்டு. ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழ்ப் புத்தகங்களே அச்சாகி வந்தன. ரஷ்யன் படித்தவர்களுக்கு மதிப்பிருந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, அந்தக் கிராக்கியும் விழுந்தது. 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் மூன்றாம் மொழியாயிருந்த ஜெர்மனை, கல்வியாண்டின் நடுவிலேயே எடுத்துவிட்டு சமஸ்கிருதத்தை வைத்தார்கள். ஆசிரியர் வேலையை நம்பியிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இப்பொழுது வந்திருக்கும் சோதனை அதைவிடப் பெரிது. 2016 முதல் கணினி மொழிபெயர்ப்பு வெகுவாய்த் தேறிற்று. 2022-இன் கடைசியில் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கடிதத்தையும் கையேட்டையும் நொடியில் பெயர்த்துத் தருகின்றன. புதிதாய் வருகிறவர்கள் கைப்பழகிய சிறு வேலைகளை இன்று இயந்திரம் செய்கிறது. அது செய்ததில் பிழை கண்டுபிடிக்கிறவரும், ஒப்பந்தப் பேச்சிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இருவருக்கு நடுவே நின்று சொல்லுக்குப் பொறுப்பேற்கிறவரும் இன்னும் வேண்டியிருக்கிறார்கள். அரைகுறையாய்க் கற்றவருக்கு இனி இடமில்லை; ஆழக் கற்றவருக்கு உண்டு. இதை மறைத்து உங்கள் பிள்ளைகளை அப்படிப்புக்கு அனுப்பும்படி நான் சொல்லமாட்டேன்.

ஆகையால் இரண்டு காரியங்களை வற்புறுத்துகிறேன். பட்டத்தோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள்; ஜப்பானியத்திற்கு என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது அந்தப் படியைத்தான். மற்றொன்று, மொழியோடு வேறொரு வித்தையும் கூட இருக்க வேண்டும்: கணக்கு, சட்டம், கணினி, எதுவானாலும் சரி. ஏற்கெனவே நர்சிங் படித்த பிள்ளைக்கு மொழியில் பி.ஏ. தேவையே இல்லை. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 படி கேட்கிறார்கள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கான குறித்த திறன் விசாவுக்கு, திறன் தேர்வோடு என்4 அளவு மொழியறிவு வேண்டும். இவற்றுக்கு மாக்ஸ் முல்லர் பவன் போன்ற இடங்களில் படித்தாலே போதும்.

முகவர்களிடத்தில் ஜாக்கிரதையாயிருங்கள். நானறிந்த ஒரு வாலிபன், ஏ1 வகுப்பும் ஜெர்மனியில் வேலையும் சேர்த்தே தருவதாகச் சொன்ன ஒருவரிடம் தாயின் நகையை விற்றுப் பணம் கட்டினான். வகுப்பு நடந்தது, வேலை வரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடாதிருங்கள்.

இவற்றையெல்லாம் அந்தத் தகப்பனாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், இயந்திரத்தைப் பற்றியதையும் சேர்த்தே. அவர் ஒரு வாரம் யோசித்து, மகளை நுழைவுத் தேர்வு எழுத அனுமதித்தார். அவள் இப்பொழுது இரண்டாம் ஆண்டு. வருகிற டிசம்பரில் என்4 தேர்வு எழுதப்போகிறாள். மாலையில் கணக்குப் பதிவும் கற்கிறாள். சென்ற மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மனிதனையும் மரத்தையும் குறிக்கும் இரண்டு வடிவங்களைச் சேர்த்து எழுதி, "இதற்கு ஓய்வு என்று அர்த்தம், அப்பா" என்று காட்டினாள். அவர் அதைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பின்பு என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி ஐயா, சம்பளம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.