தக்காளி இலைக் கருகல்

தக்காளிச் செடியின் இலைகள் பழுப்பாகிக் காய்ந்து உதிர்வது பொதுவாக இலைக் கருகல் எனப்படுகிறது. இது ஒரே நோயன்று; பூஞ்சை, பாக்டீரியா, நச்சுயிரி, உப்புநீர், வெப்பம் ஆகிய பல காரணங்களின் வெளி அடையாளம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் மாடித் தோட்டங்களில் இது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். இலை காய்ந்ததும் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவதால், பிழைத்திருக்கக்கூடிய செடியும் வேரழுகி மடிவதுண்டு.

காரணங்கள்

முன்பருவ இலைக்கருகல்: ஆல்டர்நேரியா என்னும் பூஞ்சையால் வருவது. தரையை ஒட்டிய முதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவற்றுள் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் இருக்கும். பின் இலை மஞ்சளாகி உதிரும். நோய் கீழிருந்து மேலே ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் இலைகள் நெடுநேரம் ஈரமாக இருப்பதும், மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிப்பதும் இதற்கு ஏற்ற சூழல்.

உப்பும் வெப்பமும்: இலையின் ஓரமும் நுனியும் மட்டும் கருகி, வளையங்கள் இல்லாதிருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். கடலோரப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர், கழுவாத தென்னைநார்க் கழிவு, அளவு மீறிய உரம் ஆகியவற்றால் தொட்டியில் உப்பு சேரும். மண்மேல் வெள்ளைப் படிவம் தெரியும். கத்திரி வெயிலில் கான்கிரீட் தளத்தின் சூடு இதை மிகுதியாக்கும். சாம்பல்சத்துக் குறைவிலும் முதிர்ந்த இலைகளின் ஓரம் இவ்வாறே கருகும்.

புள்ளி வாடல்: இலைப்பேன் பரப்பும் நச்சுயிரி நோய். இதில் மேலுள்ள இளந்தளிர்கள் முதலில் வெண்கல நிறமாகிக் கருகும்.

பாக்டீரியா வாடல்: இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் துவண்டு, பின் காயும். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால் பால்போன்ற இழை வழிவது இதன் அடையாளம்.

செய்ய வேண்டியவை

கருகல் எங்கே தொடங்கியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பின் மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

பூஞ்சைக் கருகலில், நோயுற்ற கீழிலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும் நீர் விடலாம். நோய் மிகுந்தால் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் தெளிப்பது வழக்கம். தெளித்தபின் உறையில் குறித்த நாள்கள் கழியும்வரை காய் பறிக்கலாகாது. உப்புக் கருகலில், தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை மழைநீரை ஊற்றி உப்பைக் கழுவலாம். கோடையில் நிழல்வலை உதவும்.

நச்சுயிரி, பாக்டீரியா வாடல்களுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி அகற்றுவதே மற்றச் செடிகளைக் காக்கும். அந்த மண்ணில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் நடலாகாது. அவையும் தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

காய்த்து முடித்த செடியின் அடியிலைகள் ஒன்றிரண்டு காய்வது இயல்பு, அது நோயன்று.