ஆவி சொல்லும் சூடு

அப்பா எண்ணூர் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்தார். வேலை முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால், திண்ணையில் சாம்பல் படியும். "உள்ள எட்டிப் பாக்க முடியாதும்மா. வெளிய வர்ற நீராவிதான் உள்ள எவ்ளோ சூடுன்னு சொல்லும்" என்பார். பிறகு நான் டெல்லிக்கு அணுக்கரு ஆய்வு செய்யப் போனேன். அங்கேயும் இதே வேலைதான்.

டெல்லியில் உள்ள இண்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெல்லட்ரான் கருவி, 1.5 கோடி வோல்ட் அளவில் வடிவமைக்கப்பட்டது. ஆக்சிஜன் போன்ற கன அயனிகளுக்கு அது வேகம் கொடுக்கும். அந்த அயனிகளை, தலைமுடியைவிட மெல்லிய டான்டலம் தகட்டின் மேல் பாய்ச்சுவோம். 16 துகள் கொண்ட ஆக்சிஜன் கருவும் 181 துகள் கொண்ட டான்டலம் கருவும் ஒட்டிக்கொண்டால், 197 துகள் கொண்ட தாலியம் கரு பிறக்கும். அதன் சூடு ஆயிரம் கோடி டிகிரியைத் தாண்டும். சூரியனின் மையத்திலேயே 1.5 கோடி டிகிரிதான்.

அந்தக் கரு கொதிக்கும். நியூட்ரான்கள் ஆவிபோல ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் சூட்டில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். இந்தக் கணக்கை 1937-லேயே விக்டர் வைஸ்கோப் எழுதிவிட்டார். புரோட்டானும் ஆல்பாவும்கூட வெளியேறும். ஆனால் நேர்மின்னூட்டம் கொண்ட அவை மின்விசைத் தடையைத் தாண்டியாக வேண்டும். நியூட்ரானுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கனமான கருக்களில் நியூட்ரானே முந்திக்கொள்கிறது.

சில கருக்கள் ஆறுவதற்குள் இரண்டாகப் பிளந்துவிடும். பிளவுக்கு முன் எத்தனை நியூட்ரான் கிளம்பின என்று எண்ணினால், பிளவு எவ்வளவு தாமதித்தது என்று தெரியும். இதற்காகவே அங்கே 100 நியூட்ரான் உணர்விகள் தகட்டைச் சுற்றி நிற்கின்றன. 1.75 மீட்டர் தூரத்தைக் கடக்க நியூட்ரான் எடுக்கும் நேரத்தை வைத்து அதன் ஆற்றலைக் கணக்கிடுவோம். இரவு ஷிஃப்டில் திரையில் புள்ளிகள் கூடக்கூட, அப்பா சொன்னது நினைவுக்கு வரும்.

புதிய தனிமங்கள் பிறப்பதும் இந்த வழியில்தான். ரஷ்யாவின் டுப்னாவில் கால்சியம்-48, அமெரிசியம்-243 இரண்டும் சேர்ந்து, மூன்று நியூட்ரான்களை உதறியபின் மாஸ்கோவியம்-288 மிஞ்சியது.

அப்பா வேலை பார்த்த நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. டெல்லி மையமோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே இயங்குகிறது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பிள்ளைகளே, இயற்பியல் எடுக்கத் தயங்காதீர்கள். அந்தக் கருவிகள் உங்களுக்கும் உரியவை.