சுவரில் சன்னத் துளைகள்: நாமே அடைப்பது எப்படி?

2009இல் போர் முடிந்தும், வடக்கில் பல வீட்டுச் சுவர்களில் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் துளைத்த அடையாளங்கள் இன்னமும் உள்ளன. மேசன் கூலிக்குக் காசில்லாமல் விட்டுவைத்த சிறு துளைகளை நாமே அடைக்கலாம்.

முதலில் படம் எடுத்து வையுங்கள். சேத விபரம் பின்னர் தேவைப்படலாம். துளைக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். உலோகம் ஏதும் தெரிந்தால் தட்டவோ, மேலே பூசி மூடவோ வேண்டாம். பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

ஒன்றுமில்லையெனில், கோறைச் சத்தம் வரும் பூச்சை உளியால் கொத்தி எடுத்து, தூசி தட்டி, சுவரை நன்றாக நனையுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு அரித்த மணல் போதும். கடற்கரை மணல் வேண்டாம்; அதன் உப்பு ஈரத்தை இழுக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்கும் அளவே குழையுங்கள்.

ஆழமான துளையை ஒரேயடியாக அப்பினால் சாந்து சரியும், வெடிக்கும். நாளுக்கு அரை அங்குலமாக நிரப்புங்கள். கடைசியில் பலகையால் மட்டமாக்கி, 7 நாட்கள் காலையும் மாலையும் நனையுங்கள். பெயின்ற் அடிப்பதற்கு ஒரு மாதம் பொறுங்கள்.

தூணில் கம்பி தெரிந்தாலோ சுவர் சாய்ந்திருந்தாலோ பூசி மறைக்காதீர்கள். அனுபவமுள்ள மேசனிடமோ தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள்.