பெஜோவின் புதுமைகளும் கெடாவின் ரப்பரும்

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டார் போகும் வழியில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் குரூண். அங்குள்ள ஆலையில் பூட்டப்பட்டு வெளியே வந்த கார்கள் பலவற்றின் முகப்பில் ஒரு சிங்கம் நிற்கும். அது பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தின் சின்னம். 2006இல் மலேசியாவின் நாஸா குழுமம் பெஜோ 206 காரை ‘206 பெஸ்தாரி’ என்று மலாய்ப் பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பெஜோவின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அந்த ஆலையையே வாங்கிக்கொண்டது. ஆலையைச் சுற்றியுள்ள வட்டாரமோ பால்மரமும் செம்பனையும் வளர்ந்த தோட்டப்புறம். உலகின் மிகப் பழைய கார் நிறுவனங்களில் ஒன்றுக்கும் நம் தோட்டங்களுக்கும் உள்ள உறவு, இந்த ஆலை வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பெஜோ குடும்பத்தார் முதலில் இரும்புத் தொழில் செய்தவர்கள். ரம்பம், காப்பிக் கொட்டை அரைக்கும் கை இயந்திரம், சைக்கிள் என்று பலவும் செய்தார்கள். சிங்கச் சின்னம் முதலில் பொறிக்கப்பட்டது ரம்பத்தின் மீதுதான். 1889இல் நீராவியால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார்கள். அடுத்த ஆண்டே நீராவியை விட்டுவிட்டு, டெய்ம்லர் வடிவமைத்த பெட்ரோல் இயந்திரத்துக்கு மாறினார்கள்.

அக்காலக் கார்களுக்கு இரும்புப் பட்டை போட்ட சக்கரமோ கெட்டி ரப்பர் பூட்டிய சக்கரமோதான். சாலையின் ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கிப் போடும். ஆரக்கால் விரியும், இயந்திரத்தின் உறுப்புகள் தளரும். டன்லப் 1888இல் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்திருந்தாலும், காரின் எடையை அது தாங்காது என்பதே பொதுவான எண்ணம். அதைப் பொய்யாக்கப் புறப்பட்டவர்கள் ஆந்திரே, எதுவார் மிஷலின் சகோதரர்கள். 1895 ஜூனில் பாரிசிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில், பெஜோ அடிச்சட்டம் கொண்ட வண்டி ஒன்றில் காற்று டயர்களை மாட்டி ஓட்டினார்கள். ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர் தூரம். டயர் பலமுறை வெடித்தது. கொடுத்த கெடுவுக்குள் வந்து சேரவும் முடியவில்லை. முதல் பரிசை வாங்கியது கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடிய இன்னொரு பெஜோ. ஆனாலும் காற்று டயரில் கார் ஓடும் என்பது அன்று நிரூபணமானது. அடுத்த சில ஆண்டுகளில் கார் செய்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு மாறினார்கள்.

அப்போது உலகத்தின் ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஊர்தோறும் கார் ஓடினால் அது போதாது. அதே பத்தாண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். பால்வெட்டு செய்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சாய்வில், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கனத்துக்கு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். பால் ஓடும் குழாய்கள் உள்பட்டையில் இருக்கின்றன. கத்தி அதையும் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் முடிச்சாகி, புதுப்பட்டை சீராக வளராது. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல். பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கு, தலையில் விளக்கு. மங்கு எனும் கிண்ணத்தில் இறங்கும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்.

1909இல் சயாமின் பிடியிலிருந்த கெடா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மறு ஆண்டு ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடு திருத்தப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. அங்கே பால்வெட்டுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். டயருக்குப் பிறந்த பசிதான் நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றியது.

பெஜோவின் அடுத்த பெரும் புதுமை 1912இல் வந்தது. அதற்கு முன் வேகம் வேண்டுமென்றால் இயந்திரத்தைப் பெரிதாக்குவார்கள். பந்தய ஓட்டுநர்களான பொய்யோ, கூ, சுக்கரெல்லி மூவரும், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஆன்ரியும் சேர்ந்து வேறு வழி தேடினார்கள். சிலிண்டருக்கு ஒரு பெரிய வால்வு உள்ளே விடவும் இன்னொன்று வெளியே விடவும் என்றிருந்ததை மாற்றி, இரண்டிரண்டாக நான்கு சிறிய வால்வுகள் வைத்தார்கள். மண்டபத்துக்கு ஒரே அகலக் கதவு வைப்பதைவிட இரண்டு கதவு வைத்தால் கூட்டம் விரைவாக நுழையும் அல்லவா? அப்படித்தான் காற்றும் எரிபொருளும் நுழைந்தன. சிறிய வால்வு எடை குறைவு என்பதால் ஸ்பிரிங் அதை நொடியில் மூடிவிடும். இயந்திரம் இன்னும் வேகமாகச் சுழலலாம். வால்வுகளை அழுத்தும் கேம்ஷாஃப்ட் இரண்டையும் சிலிண்டருக்கு மேலேயே வைத்தார்கள். இடையில் நீண்ட தண்டுகள் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டுப் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் 7.6 லிட்டர் பெஜோவும் 14 லிட்டர் ஃபியட்டும் மோதின. பாதி அளவே உள்ள பெஜோவில் பொய்யோ வென்றார். மறு ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை கூ வென்றார். இன்று நம் ஊர் மைவி காரின் போனெட்டைத் திறந்தாலும் அதே அமைப்புதான்: நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, மேலே இரட்டைக் கேம்ஷாஃப்ட்.

மூன்றாவது புதுமை புகையைப் பற்றியது. 2000இல் பெஜோ தன் 607 டீசல் காரில் கரிப்புகை வடிகட்டியைப் பூட்டி விற்பனைக்கு விட்டது. பீங்கான் போன்ற கட்டிக்குள் மெல்லிய வழிகள் ஏராளம். ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரின் நுண்துளை வழியாகத்தான் வெளியேற முடியும். கரி உள்ளே தங்கிவிடும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்து அகற்ற வேண்டும். அது சுமார் 550 பாகை வெப்பத்தில்தான் எரியும். எரிபொருளோடு சீரியம் கலந்த திரவத்தைச் சிறிதளவு சேர்த்து, 450 பாகையிலேயே எரியும்படி செய்தார்கள். நுரையீரலுக்குள் போகும் நுண்கரியை வண்டியிலேயே தடுத்த இந்த வேலை, பந்தய வெற்றியைவிட மேலானது என்பேன்.

இவற்றில் எது நிலைக்கும்? மின்சாரக் காரில் கேம்ஷாஃப்ட் இல்லை, வால்வு இல்லை, புகை வடிகட்டியும் இல்லை. டயர் மட்டும் இருக்கிறது. பேட்டரியின் எடையாலும் எடுத்த எடுப்பில் கிடைக்கும் இழுவிசையாலும் அது முன்னைவிட விரைவாகவே தேய்கிறது. சூட்டையும் கிழிசலையும் தாங்கும் இயற்கை ரப்பருக்கு முழு மாற்று இன்னும் வரவில்லை. லாரிக்கும் விமானத்துக்குமான டயர்களில் அதன் பங்கு இன்னும் அதிகம். பெஜோவின் பெயரோடு சேர்ந்த புதுமைகளில் அடுத்த தலைமுறைக் காருக்கும் தேவைப்படுவது, நம் முன்னோர் வெட்டிய பாலால் சாத்தியமான புதுமைதான்.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கூலிமிலும் குரூணிலும் ஆலைகளில் வேலை செய்கிறார்கள், பட்டறை வைத்திருக்கிறார்கள், கூலிம் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறார்கள். ஓர் உறுப்பை எப்படிப் பூட்டுவது என்பதோடு, அது ஏன் அப்படி அமைந்தது என்பதையும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு வால்வு இயந்திரம் அப்படிக் கேட்டவர்களால்தான் வந்தது.